மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தில் கொழுப்புக் கட்டி

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கல்வெட்டு, ஊர்ப்பெயர், பழைய முகத்தல் அளவைகள் என்று எதையாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. விடாமல் எழுதுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. இம்முறை மருத்துவத்தில் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் அல்லன். படித்தது அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்டது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் இன்று நமது சங்கத்துக் குடும்பங்களிலேயே சிலர் இருக்கிறார்கள். கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வரும். டாக்டர் இந்தியிலோ குஜராத்தியிலோ விளக்குவார். வீட்டில் பயப்படுவது மட்டும் தமிழில். இங்கே குஜராத்தியில் கொழுப்புக் கட்டியை ‘சர்பி நீ காண்ட்’ என்கிறார்கள். ‘காண்ட்’ என்றால் முடிச்சு, கட்டி. அந்தச் சொல் காதில் விழுந்தாலே இங்குள்ளவர்களுக்கும் புற்றுநோய் ஞாபகம்தான் வருகிறது. நமக்குக் ‘கட்டி’ என்ற சொல் எப்படியோ, அப்படி. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் வரும் கொழுப்பு வளர்ச்சிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் தீங்கற்றது என்பதற்கும் கவனிக்கத் தேவையில்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைத்தான் எழுத வந்தேன்.

சிறுநீரகத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு பிறவியிலேயே உள்ளது. சுமார் 11 செ.மீ. நீளமும் 150 கிராம் எடையும் உள்ள இந்த உறுப்பு, முதுகுப்புறத்தில் ஒரு கொழுப்பு மெத்தைக்குள் புதைந்து கிடக்கிறது. கறிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஆட்டுக் குண்டிக்காயை எடுப்பதற்குக் கொழுப்பை உரித்துத்தான் ஆகவேண்டும் என்று எனக்கு விளக்கினார். எங்கள் சமயத்தில் பிறந்த நான் அதைப் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். அவர் சொன்னதை நம்பி எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு வெளியே மட்டும் அல்ல, உள்ளேயும் கொழுப்பு உண்டு. அவரை விதை போன்ற அதன் உட்குழிவில் இரத்தக்குழாய்கள் நுழையும் இடத்தில் ஓர் அறை போன்ற வெற்றிடம் இருக்கிறது. அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருப்பதும் கொழுப்புதான். வயதாக ஆக, உடல் பருக்கப் பருக்க, இந்த உள்கொழுப்பு கூடும். இது நோயாகாது.

மாற்றுச் சிறுநீரகம் வைக்கப்படுவது முதுகுப்புறத்தில் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. கொடுப்பவரிடமிருந்து எடுக்கும்போது சுற்றியுள்ள கொழுப்பில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, பெறுபவரின் அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்கம், இடுப்பெலும்பின் குழிவில் வைக்கிறார்கள். அதன் தமனியையும் சிரையையும் காலுக்குப் போகும் பெரிய குழாய்களோடு இணைக்கிறார்கள். சிறுநீர்க் குழாயைப் பையில் பொருத்துகிறார்கள். பழுதான பழைய சிறுநீரகங்கள் இரண்டும் சாதாரணமாக அங்கேயே விடப்படுகின்றன. ஆக, மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு இருப்பது மூன்று சிறுநீரகம்! 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே ஓர் இரட்டைச் சகோதரரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டதிலிருந்து அடிப்படை முறை இதுவே. முர்ரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நமது நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் இது வெற்றிகரமாகச் செய்யப்பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தில் கொழுப்பு மூன்று விதமாகத் தலைகாட்டலாம். மூன்றுமே அரிது. மருத்துவ ஏடுகளில் இவை ஒருவர், இருவர் என்று தனித்தனி நோயாளிகளின் வரலாறாகவே பெரும்பாலும் பதிவாகின்றன.

ஒன்று, மேலே சொன்ன உள்ளறைக் கொழுப்பு அளவுக்கு மீறிப் பெருகுவது. இதை லைபோமடோசிஸ் என்கிறார்கள். கட்டி என்று சொல்ல முடியாது. எல்லையில்லாமல் பரவிய கொழுப்பு. ஸ்டீராய்டு மாத்திரை பல ஆண்டுகள் சாப்பிடுவோருக்கு முகம் உருண்டு, பிடரி தடித்து, வயிறு முன்தள்ளுவதை நாம் பார்த்திருக்கிறோம். கை கால் மெலிந்திருக்கும். நடுவுடல் மட்டும் பருக்கும். உடலின் கொழுப்பை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் சேர்ப்பது அந்த மருந்தின் குணம். வெளியே நடப்பது உள்ளேயும் நடக்கிறது.

இரண்டாவது இதன் முற்றிய நிலை. நாட்பட்ட நிராகரிப்பு, இரத்த ஓட்டக் குறைவு, சிறுநீர்க் குழாய் அடைப்பு, ஓயாத கிருமித் தாக்குதல் இவற்றால் சிறுநீரகத்தின் வேலை செய்யும் சதை சுருங்கிப்போனால், அந்தக் காலி இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொள்கிறது. ஸ்கேனில் பார்த்தால் சிறுநீரகம் பெரிதாகத் தெரியும். ஆனால் பெரிதாயிருப்பது கொழுப்பு, சதை மெல்லிய ஓரமாக ஒட்டியிருக்கும். சொந்தச் சிறுநீரகத்தில் இது பெரும்பாலும் பெரிய கல்லும் சீழும் பல வருடம் தங்கிய இடத்தில் வரும். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரியாட்டினின் ஏறியது கொழுப்பு வந்ததால் என்று நினைத்துவிடக் கூடாது. சதை சுருங்கியதால் கிரியாட்டினின் ஏறியது. சுருங்கிய இடத்தில் கொழுப்பு வந்தது. காலியான வீட்டில் குடிவந்தவனை, வீட்டுக்காரனைத் துரத்தியவன் என்று சொல்ல முடியுமா? ஆகவே டாக்டர்கள் கொழுப்பைக் கரைக்கப் பார்ப்பதில்லை. சதை ஏன் சுருங்கியது என்று தேடுகிறார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான கட்டி. ஆஞ்சியோமயோலைபோமா என்று பெயர். வாயில் நுழையாத பெயராயிருந்தாலும் பிரித்தால் எளிது. கிரேக்க மொழியில் ‘ஆஞ்சியோன்’ என்றால் பாத்திரம், கலம். அதுவே இரத்தக்குழாய்க்கும் ஆகிவந்தது. ‘மிஸ்’ என்றால் தசை. சுண்டெலிக்கும் அதே சொல்தான், தோலுக்கடியில் தசை ஓடுவது எலி ஓடுவது போலிருந்ததாம். ‘லிபோஸ்’ கொழுப்பு. ‘ஓமா’ கட்டி. இரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி என்று பொருள். நாற்பது வருடம் பாத்திரம் விற்றவனுக்கு ஒரு நோயின் பெயரிலும் பாத்திரம் வந்து நின்றது!

பொதுமக்களில் இந்தக் கட்டி ஆயிரத்துக்குச் சிலருக்கே இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் நடுத்தர வயதில், அதிகம் காணப்படுகிறது. கர்ப்ப காலத்தில் வேகமாக வளர்வதும் உண்டு. ஐந்தில் நான்கு பங்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாமல் தானாக வருவது. மீதி, ட்யூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு வருவது. அவர்களுக்கு இரண்டு பக்கமும் பல கட்டிகள் இருக்கும், முகத்தில் சிறு பருக்கள், சிறுவயதில் வலிப்பு போன்ற வேறு அடையாளங்களும் இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த மூன்றாவது. என் மனைவியின் தம்பிக்கு 2006இல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் மாற்று அறுவை நடந்தது. கொடுத்தவள் என் மனைவி. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர், ஆகவே அனுமதியில் சிக்கல் இருக்கவில்லை. அதன் பிறகு மைத்துனரும் இங்கே அகமதாபாத்துக்கே குடிவந்துவிட்டார். 2021இல் வழக்கமான பரிசோதனைக்காக ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனார்கள். ரிப்போர்ட்டை டைப் அடித்து இரவு எட்டு மணிக்கு அவருடைய மகள் கையில் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார்கள். ‘மாற்றுச் சிறுநீரகத்தின் மேல்முனையில் 16 மி.மீ. அளவில் ஒரு திரள். புற்று அல்ல என்று உறுதி செய்துகொள்ளவும்’ என்று இருந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லை. “மாமா, அப்பாவுக்கு கேன்சரா?” என்று அந்தப் பெண் போனில் அழுதாள். அந்த மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அப்படி ஒரு வரியை எழுதித் தருகிறவர்கள், அதை விளக்கக்கூடிய ஒருவரையும் அந்த நேரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வரி ஒருவகையில் நியாயமானதுதான் என்று பிறகு புரிந்தது. அல்ட்ரா சவுண்டில் இந்தக் கட்டி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆனால் சிறிய புற்றுக் கட்டிகள் சிலவும் அதேபோல வெள்ளையாகத் தெரியக்கூடும். வெள்ளையை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. முடிவு கட்டுவது சிடி ஸ்கேன். அதன் தத்துவம் ஒரு வியாபாரிக்கு உடனே விளங்கக்கூடியது, ஏனென்றால் அது ஒரு தராசு. சிடி கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, 1979இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பெயரால் ஓர் அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் பூஜ்யம். காற்று மைனஸ் 1000. தசை நாற்பது, ஐம்பது என்று கூட்டலில் நிற்கும். கொழுப்பு மட்டும் மைனஸ் 50 முதல் மைனஸ் 120 வரை கழித்தலில் இறங்கும். தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற அதே கணக்குதான். சிறுநீரகத்துக் கட்டிக்குள் ஒரு சிறு புள்ளியிலாவது மைனஸ் 10க்குக் கீழே எண் வந்தால் அங்கே கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு இருந்தால் பெரும்பாலும் அது ஆஞ்சியோமயோலைபோமாதான்.

இதில் ஒரு நல்ல செய்தி, கொழுப்பைக் காண டை ஊசி தேவையில்லை. சிறுநீரகம் மாற்றியவர்கள் அந்த ஊசிக்குப் பயப்படுவார்கள். பலவீனமான சிறுநீரகத்துக்கு அது பாரமாகலாம் என்பது உண்மை. ஊசி இல்லாமல் மெல்லிய அடுக்குகளாக எடுத்த சிடி படமே கொழுப்பைக் காட்டிவிடும். எம்ஆர்ஐ ஸ்கேனிலும் கொழுப்பின் ஒளியை மட்டும் அணைத்துப் பார்க்கும் முறை உண்டு; அணைத்ததும் கட்டி கருத்துப்போனால் அது கொழுப்பு. எங்கள் மைத்துனருக்கு ஊசியில்லாத சிடியில் மைனஸ் 60 வந்தது. மறுநாள் காலை டாக்டர் அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டியபோதுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எல்லாக் கட்டியும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. கொழுப்பு மிகக் குறைந்த ஆஞ்சியோமயோலைபோமாவும் உண்டு. அதைப் புற்றிலிருந்து பிரித்தறிய ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டிவரும். எபிதீலியாய்டு என்ற அபூர்வ வகை சில சமயம் தீயதாக நடந்துகொள்ளும். கொழுப்பே புற்றாவதும், அதாவது லைபோசார்கோமா, உலகில் உண்டு. மேலும், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுவோருக்கு நிணநீர்ப் புற்று போன்ற சிலவற்றின் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அது மாற்றுச் சிறுநீரகத்தின் அருகிலேயே திரளாகத் தோன்றலாம். முதுகுப்புறத்தில் விட்டுவைத்த அந்தப் பழைய சிறுநீரகங்கள் இருக்கின்றனவே, அவற்றில் டயாலிசிஸ் காலத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகி, பின்னால் புற்று வரும் வாய்ப்பும் உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது புதியதை மட்டும் பார்த்துவிட்டு வராமல் பழையவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்புக் கட்டிக்குப் பயப்படுவதில் பாதியை அந்தப் பக்கம் திருப்பினால் பயனுண்டு.

அடுத்தபடி எழுந்த கேள்விதான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. இந்தக் கட்டி யாருடையது? சிறுநீரகம் வந்தது என் மனைவியிடமிருந்து. பொருத்திய பிறகு புதிதாக முளைத்ததா, வரும்போதே விதையாக இருந்ததா? இருந்தது என்றால், என் மனைவியிடம் மிஞ்சியிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தில் என்ன இருக்கிறது? இதை டாக்டர்தான் முதலில் கேட்டார். கொடுத்தவரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். சிறுநீரகம் கொடுத்தவர்களை ஆபரேஷன் முடிந்த பின் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. பெற்றவர் மாதா மாதம் இரத்தம் சோதிக்கிறார். கொடுத்தவர் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம்கூடப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தாய், மனைவி, சகோதரி என்று பெண்கள்தாம். அவர்களுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் மனைவி ஸ்கேனுக்குப் போகும்வரை இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. “பழுதான பொருளையா எடுத்துக் கொடுத்தேன்? பதினஞ்சு வருஷமா அவன் வயித்துல வெடிகுண்டு வெச்ச மாதிரி ஆயிடுச்சே” என்றாள். தம்பிக்காரர் சிரித்துவிட்டார். “அக்கா, ஒரு நாள் லீவு போடாம வேலை செஞ்ச கிட்னி. அதுல ஒரு மச்சம் இருந்தா என்ன?” என்றார். டாக்டர்கள் சொன்னதும் ஏறத்தாழ அதுதான். அவளுடைய மற்றச் சிறுநீரகம் சுத்தமாக இருந்தது. பரம்பரை நோயின் அடையாளம் இருவரிடமும் இல்லை.

பிறகு பெட்டியிலிருந்து 2006ஆம் ஆண்டு எடுத்த அவளுடைய சிடி படங்கள் வெளியே வந்தன. கொடுப்பதற்கு முன் இரத்தக்குழாய்களைப் பார்ப்பதற்காக எடுத்தவை. கடைக் கணக்குப் பேரேடுகளோடு சேர்த்து நான் பத்திரப்படுத்தியிருந்தேன். இங்குள்ள ரேடியாலஜிஸ்டு வெளிச்சப் பெட்டியில் அவற்றை மாட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதே மேல்முனையில் நான்கு மி.மீ. அளவில் ஒரு கரும்புள்ளியைக் காட்டினார். கொழுப்புப் புள்ளி. அந்த அளவில் அன்று யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்றார். பார்த்திருந்தாலும் தானத்தைத் தடுத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். இத்தகைய சிறு கட்டியோடு சிறுநீரகத்தை அப்படியே பொருத்தியவர்களும் உண்டு. எடுத்த சிறுநீரகத்தை ஐஸில் வைத்துக்கொண்டு, கட்டியை மட்டும் வெட்டியெறிந்து தையல் போட்டுப் பொருத்தியவர்களும் உண்டு. அந்த ஒரு பழைய படத்தால் இரண்டு காரியம் முடிந்தது. கட்டி கொடுத்தவரிடமிருந்தே வந்தது என்பது தெரிந்தது. பதினைந்து ஆண்டில் 12 மி.மீ.தான் வளர்ந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு மி.மீ.கூட இல்லை. இவ்வளவு மெதுவாக வளர்வதைக் கண்டு அவசரப்பட யாருக்கும் தோன்றவில்லை. வீடு மாறும்போது, ஊர் மாறும்போது பழைய ஃபிலிம்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று இதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் இந்தக் கட்டியில் ஆபத்து எங்கே இருக்கிறது? பரவுவதில் இல்லை, இரத்தம் கசிவதில் இருக்கிறது. கட்டிக்குள் உள்ள இரத்தக்குழாய்கள் சரியான சுவர் இல்லாதவை. மெல்லிய தகட்டில் செய்த குடம் மாதிரி, ஓரிடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். கட்டி 4 செ.மீ.க்கு மேல் போனால் வெடித்து இரத்தம் கொட்டலாம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. இப்போது கட்டியின் அளவோடு உள்ளே உள்ள புடைப்பின் அளவையும் பார்க்கிறார்கள்; புடைப்பு 5 மி.மீ.க்கு மேலிருந்தால் எச்சரிக்கை. மாற்றுச் சிறுநீரகம் என்றால் கணக்கு இன்னும் இறுக்கம், ஏனென்றால் அவருக்கு வேலை செய்வது அது ஒன்றுதான். அதை இழந்தால் மறுபடியும் டயாலிசிஸ். அதனால் முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பது என்ற பேச்சே கடைசியில்தான் வரும். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்தக் கிளையை மட்டும் அடைப்பது ஒரு வழி. கட்டியை மட்டும் வெட்டியெடுப்பது இன்னொன்று. சிறிய கட்டிக்கு இரண்டும் வேண்டாம். ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து அளந்துகொண்டிருந்தால் போதும். அடிவயிற்றில் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் மாற்றுச் சிறுநீரகத்தை அல்ட்ரா சவுண்டில் பார்ப்பது சுலபம்.

மருந்தும் இருக்கிறது. அந்தக் கதையை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவு என்று ஒன்று, அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ராப்பா நூயி. 1964இல் அங்கே போன கனடாக் குழு ஒன்று மண் எடுத்து வந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து மாண்ட்ரியல் நகர ஆய்வகம் ஒன்றில் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தீவின் பெயரால் அதற்கு ராபமைசின் என்று பெயர். அந்த ஆய்வில் முன்னின்றவர் சுரேந்திரநாத் சேகல். காசி இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தவர். 1980களின் தொடக்கத்தில் ஆய்வகத்தை மூடியபோது, அந்த நுண்ணுயிரை அவர் தம் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் என்பது மருந்து உலகில் பிரசித்தமான கதை. 1999இல் சிரோலிமஸ் என்ற பெயரில், மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்படாமல் காக்கும் மருந்தாக அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அதன் இன்னொரு முகம் பிறகு தெரிந்தது. நம் உயிரணுக்களில் வளர்ச்சிக்கு விசை போன்ற ஒரு புரதம் உண்டு. ட்யூபரஸ் ஸ்கிளரோசிஸ் நோயில் பழுதாகும் இரண்டு மரபணுக்கள், அந்த விசைக்குப் பிரேக். பிரேக் போனால் கட்டி வளர்கிறது. சிரோலிமஸ் அதே விசையை அழுத்திப் பிடிக்கிறது. அந்த நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்தபோது ஆஞ்சியோமயோலைபோமா ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது என்று 2008இல் வெளியிட்டார்கள். நிறுத்தியதும் மறுபடி வளர்ந்தது. அதன் தம்பி முறையான எவரோலிமஸுக்கு 2012இல் இந்தக் கட்டிக்கென்றே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆகவே மாற்றுச் சிறுநீரகத்தில் பெரிய கட்டி உள்ள ஒருவருக்கு, வழக்கமான டாக்ரோலிமஸுக்குப் பதிலாக இந்த மருந்தைக் கொடுத்தால் நிராகரிப்புக்கும் கட்டிக்கும் ஒரே மருந்தாகுமே என்று டாக்டர்கள் யோசிக்க இடமிருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. வாய்ப்புண் வரும், சிறுநீரில் புரதம் போகும், ஆறாத புண் இருந்தால் ஆற விடாது. வேடிக்கை என்னவென்றால், கொழுப்புக் கட்டியைச் சுருக்கும் இதே மருந்து இரத்தத்தில் கொழுப்பை ஏற்றிவிடும்! எங்கள் மைத்துனருக்கு 16 மி.மீ.க்கு இதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, நெய் சாப்பிட்டதால் வந்ததா என்று. குஜராத்தில் வாழ்ந்துகொண்டு நெய்யைச் சந்தேகிக்காமல் இருப்பது கஷ்டம்தான். ஆஞ்சியோமயோலைபோமாவுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. பட்டினி கிடந்தாலும் அது கரையாது. உள்ளறைக் கொழுப்புக்கு உடல் பருமனோடு தொடர்பு உண்டு. எடையைக் கட்டுக்குள் வைப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் எப்படியும் நல்லது. கைகால்களில் வரும் கொழுப்புக் கட்டியை எண்ணெய் தடவி நீவி விடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அடிவயிற்றில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். கட்டி கரைய லேகியம், கஷாயம் என்று யாராவது கொண்டுவந்தால், டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது. டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றவும் இறக்கவும் கூடிய பொருள்கள் பல உண்டு. திராட்சைப்பழ வகையல்லாத ‘கிரேப் ஃப்ரூட்’டும் அதன் உறவான நமது பம்பளிமாஸும்கூட அளவை ஏற்றிவிடும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று. ஸ்டீராய்டுதான் கொழுப்பை வளர்க்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு, மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள். எனக்குத் தெரிந்த வேறொரு குடும்பத்தில் இது நடந்தது. முகம் வீங்கியிருக்கிறது, ஸ்கேனில் கொழுப்பு என்கிறார்கள், ஆகவே சின்ன வெள்ளை மாத்திரையை விட்டுவிடலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்தார்கள். ஏழு வாரத்தில் கிரியாட்டினின் 1.3லிருந்து 4க்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்துகள் கொடுத்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். தீங்கில்லாத கொழுப்புக்குப் பயந்து உயிர்நாடியான மருந்தைக் கைவிட்டார்கள். பல வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் உடம்பில் அதை இயற்கையாகச் சுரக்கும் சுரப்பியும் தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாய்ந்துவிடலாம். குறைக்க வேண்டுமானால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரவு உண்ணும் வழக்கம் இல்லை. டாக்ரோலிமஸ் 12 மணிக்கு ஒருமுறை. காலை 6, மாலை 6 என்று டாக்டரைக் கேட்டு நேரம் வைத்துக்கொண்டோம். குளிர்காலத்தில் இங்கே 6 மணிக்குப் பொழுது சாய்ந்திருக்கும். மருந்துக்கு விலக்கு உண்டு என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதன் மேல் அப்பீல் இல்லை.

நம்மைப் போல ஆண்டுக்கு இரண்டு முறை ரயிலேறி ஊருக்குப் போய்வருகிறவர்கள் இன்னும் ஒன்று செய்துகொள்ளலாம். கொழுப்புக் கட்டி உள்ளவருக்கு மாற்றுச் சிறுநீரகத்தின் மேல் திடீரென்று வலி வந்தாலோ, அந்த இடம் உப்பினாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழியில் ஏதோ ஓர் ஊரில் பார்க்கும் டாக்டருக்கு, வலப்பக்க அடிவயிற்று வலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குடல்வால்தான். அதனால் மைத்துனர் சட்டைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறார். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் நான் எழுதிக் கொடுத்தது. வலது அடிவயிற்றில் மாற்றுச் சிறுநீரகம், 2006; அதன் மேல்முனையில் ஆஞ்சியோமயோலைபோமா; சாப்பிடும் மருந்துகளும் அளவும்; கடைசி கிரியாட்டினின்; டாக்டரின் போன் எண். கட்டியின் அளவை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன், ஆண்டுதோறும் திருத்த வேண்டுமே என்று. கடைசியாக எடுத்த ஸ்கேனுக்குப் பிறகு 16ஐ அழித்து 17 என்று எழுதினோம்.